வழியா, வலியா?

பல் செட் செய்யும் பட்டறையில் நாள் முழுக்கப் பார்க்கக் கிடைப்பது வாய்கள்தான். மேல் வாய், கீழ் வாய், பொக்கை வாய், ஓரத்தில் ஒற்றைப் பல் மட்டும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும் வாய் என்று டாக்டர்கள் அனுப்பும் அச்சுகள் மேஜை நிறைய இருக்கும். அவை பேசாது. அவற்றுக்கும் சேர்த்து அங்கே இரண்டு பேர் பேசினார்கள்.

ஒருத்தி பட்டறைக்காரரின் தங்கை. பேச்சு வந்த நாளிலிருந்தே வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வெளியூரில் தங்கிப் பல் தொழில்நுட்பம் படித்து முடித்து, அண்ணனோடு வந்து சேர்ந்திருந்தாள். அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவதும், செட் போடப்போகிறவர்களின் வயசுக்கும் நிறத்துக்கும் ஏற்பப் பல் தேர்ந்தெடுப்பதும் அவள் வேலை. இன்னொருவர் மெழுகு மாமா. யாருக்கும் சொந்த மாமா இல்லை. பட்டறை தொடங்கிய காலத்திலிருந்து மெழுகில் பல் நட்டுக்கொண்டிருப்பதால் எல்லோருக்கும் மாமா ஆகிவிட்டவர்.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே பாடகியைப் பிடிக்கும். சண்டைக்குக் காரணமே அதுதான். கரகரத்த தொண்டை அவளுக்கு. நன்றாக ஜலதோஷம் பிடித்த ஒருத்தி போர்வைக்குள்ளிருந்து பாடுவது மாதிரி இருக்கும். மாமா அவளை "நம்ம ஜலதோஷக்காரி" என்பார். அதில் அவ்வளவு வாஞ்சை இருக்கும். புதுப் பாட்டு வந்த அன்று பட்டறையில் வேலை பாதி நடந்தால் பெரிய விஷயம்.

"டக்கு டக்கு டக்கு, உன் பக்கம் வந்தா பக்கு," என்று வாயாடி போனைப் பார்த்து வாசித்தாள். "மாமா, பக்குன்னா என்ன?"

"பக்குன்னா பக்கு. நெஞ்சு பக்குனு இருக்கும்ல, அது."

"பாட்டு முழுக்க இருக்கிறதே நாலு வார்த்தை. அதுவும் ஒரே அச்சுல வார்த்த பல்லு மாதிரி. இதுக்கு ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சிருக்கார்!"

"யோசிச்சிருந்தா கெட்டுப் போயிருக்கும்மா. அந்த மெட்டைக் கேளு. கால் தன்னால ஆடுதா இல்லையா?"

"கால் ஆடுறதுக்கு மோட்டார் சத்தம் போதுமே. எதுக்குப் பாட்டு?"

"வார்த்தை வேணும்னா பேப்பர் படி. பாட்டுன்னா மெட்டு. இவ மளிகைச் சாமான் லிஸ்டைப் பாடினாலும் நான் கேட்பேன்."

"கேட்பீங்க, கேட்பீங்க. காதுல மெழுகு இருக்கிறவங்க எதையும் கேட்பாங்க."

உள் அறையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "டாக்டர் நாலு மணிக்கு செட் கேட்டிருக்கார், பக்கு பக்குனு எனக்குத்தான் இருக்கு," என்று குரல் கொடுப்பார். கொஞ்ச நேரம் அடங்கும். மறுபடி ஆரம்பிக்கும்.

இதிலெல்லாம் கலந்துகொள்ளாதவர் அண்ணி. வேகிப் பதமாகி வரும் செட்டுகளுக்குப் பாலிஷ் போடுவது அவர் பொறுப்பு. வாயாடிக்கு எதிர் மேஜையில், சுற்றும் துணிச் சக்கரத்துக்கு முன்னால், மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சக்கரம் ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அவர் எப்போதும் அந்த இரைச்சலுக்குள்ளேயே இருந்தார். தும்பைப் பூ மாதிரி பளபளவென்று பற்கள் மட்டும் வெளியே வரும்.

வாயாடிக்கு இணையத்தில் இன்னொரு முகம் இருந்தது. அந்தப் பாடகியின் ரசிகர் குழுவில் அவளுக்கு 'வரிவேட்டை' என்று பெயர். ஒவ்வொரு பாட்டையும் வரி வரியாகப் பிரித்து மேய்ந்து எழுதுவாள். நல்ல வரி என்றால் உச்சியில் தூக்கி வைப்பாள். மோசமான வரி என்றால் எழுதியவரின் காது நிச்சயம் கூசும். அங்கே அவளுக்கு நல்ல மரியாதை. "வரிவேட்டை என்ன சொல்கிறார் பார்ப்போம்" என்று ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த மரியாதை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியும் இருந்தது.

ஒரு மதியம் மின்சாரம் போய்விட்டது. சக்கரம் நின்றது, பட்டறையே திடீரென்று காது அடைத்த மாதிரி அமைதியாயிற்று. மாமாவும் வாயாடியும் வழக்கம்போல் மோதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாடகி பாடியதிலேயே சிறந்த வரி எது என்பது அன்றைய வழக்கு. மாமா வரியே வேண்டாம் என்ற கட்சி. சாட்சிக்கு ஆள் இல்லாமல் வாயாடி எதிர் மேஜையைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எந்த வரி பிடிக்கும்?"

அண்ணி மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"கதவு திறந்திருக்குன்னு ஒரு பழைய பாட்டு இருக்கே."

"ஆமா, அதுல?"

"கதவு திறந்திருக்கு, காத்து வரட்டும், வந்த வலியே, போய் வா." மெதுவாக, பாடாமல், சொன்னார். "அது பிடிக்கும்."

வாயாடி ஒரு கணம் விழித்தாள். பிறகு மேஜையில் கை தட்டிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி! அது வலி இல்ல, வழி! வந்த வழியே போய் வா! காதலனை விரட்டுறா அண்ணி. வந்த வழியாவே திரும்பிப் போடான்னு. அதைப் போய் நீங்க, வலியைக் கூப்பிட்டு டாட்டா காட்டுறான்னு..." அவளால் முடிக்க முடியவில்லை.

"அப்படியா?" என்றார் அண்ணி.

"அவளுக்கு 'ழ' வராதே, அதான் உங்களுக்கு அப்படிக் கேட்டிருக்கு. இத்தனை வருஷமாவா இப்படியே நினைச்சுட்டு இருந்தீங்க?"

அண்ணி பதில் சொல்வதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. அவர் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு சக்கரத்தைப் போட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். வாயாடிக்குக் கை சும்மா இருக்கவில்லை. அன்று சாயங்காலமே குழுவில் எழுதிவிட்டாள்: எங்கள் அண்ணி 'வந்த வழியே' என்பதை 'வந்த வலியே' என்று நம்பி வாழ்ந்திருக்கிறார், பாவம் அந்தக் கவிஞர், பாவம் அந்த 'ழ'கரம் என்று கொஞ்சம் உப்பு மிளகு தூவி. அவள் எழுதியதிலேயே அதிகமாகச் சிரிப்பு வாங்கிய பதிவு அதுதான். "அந்த அண்ணிக்குக் காது டாக்டரைக் காட்டுங்கள்" என்று ஒருவர். "வலிக்குது, வலியே வலிக்குது" என்று இன்னொருவர். வாயாடி ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டுச் சிரித்தாள்.

செட்டுகளை டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரிக்காரர் ஒருவர் உண்டு. நல்ல மனுஷர். அவரும் அந்தக் குழுவில் இருப்பது வாயாடிக்குத் தெரியாது. அடுத்த வாரம் பெட்டிகளை எடுக்க வந்தவர், வாசலில் நின்றபடியே வாய் நிறையச் சிரிப்போடு கேட்டார்.

"வரிவேட்டை நீங்கதானாமே, இப்பத்தான் தெரிஞ்சுது. அப்போ அந்த 'வலியே' அண்ணி..." என்று அண்ணியின் பக்கம் திரும்பினார். "நீங்கதானா? என் வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிச்சா!"

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. வந்தவர் பெருமையாகப் போனை எடுத்துக் காட்டினார். அண்ணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். பதிவைப் படித்தார், அதற்குக் கீழே இருந்ததையும் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்து, "பெட்டியைப் பத்திரமா கொண்டு போங்க, மேல இருக்கிறது இன்னும் சூடா இருக்கு," என்றார்.

டெலிவரிக்காரர் போனதும் வாயாடி எழுந்து பக்கத்தில் போனாள்.

"அண்ணி, சும்மா விளையாட்டுக்குத்தான்..."

"சரி, விடு."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணி அதற்குப் பிறகும் சாப்பாடு போட்டார், துணி காயப்போடக் கூப்பிட்டார், தலைவலி என்றால் தைலம் எடுத்துக் கொடுத்தார். ஆனால் எதிர் மேஜையில் ஏதோ ஒன்று மாறியிருந்தது. என்னவென்று கண்டுபிடிக்க வாயாடிக்குச் சில நாள் ஆயிற்று. முன்பெல்லாம் சக்கரம் ஓடும்போது அண்ணியின் மாஸ்க் லேசாக அசைந்துகொண்டே இருக்கும். ஏதோ மெல்லுகிறார் என்று நினைத்திருந்தாள். இப்போது அசையவே இல்லை.

வீட்டுக்குள் இது இப்படி இருக்க, மெழுகு மாமாவின் வலது தோள் இறுகிப்போயிருந்தது வெளியே தெரிந்தது. மனுஷர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மேல் தட்டிலிருந்து மெழுகுப் பெட்டியை எடுக்க, வலது கையை இடது கையால் பிடித்துத் தூக்கினார். வாயாடி அதைப் பார்த்துவிட்டாள்.

"மாமா, இது எத்தனை நாளா?"

"எதும்மா?"

"கையைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறீங்களே, அது."

அண்ணன் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். தனியாகப் போகச் சொன்னால் மாமா பாதி வழியில் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார் என்பதால், வாயாடி கூடப் போனாள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், நீளமான அறை. ஜன்னல் ஓரமாகக் கட்டில்கள், சுவரில் கப்பியும் கயிறும், மூலையில் ஓடாமல் நிற்கும் சைக்கிள். கயிற்றின் ஒரு நுனியை ஒரு கையால் இழுத்தால் இன்னொரு கை மேலே போகும். தரையில் பாய் விரித்துச் சிலர் முட்டியை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் மலை மாதிரி ஆள். குரல் மட்டும் பஞ்சு.

"எல்லாரும் தயாரா? நம்ம பாட்டு," என்றார் அவர்.

அறை பாட ஆரம்பித்தது. சுருதி கிடையாது, தாளம் ஏறக்குறைய உண்டு. "கதவு திறந்திருக்கு, காத்து வரட்டும்" என்று மூச்சை இழுத்தார்கள். "வந்த வலியே" என்று முட்டிகள் மடங்கின, கைகள் ஏறின, பல் கடிபட்டது. "போய் வா" என்று எல்லாம் இறங்கின. மறுபடி முதலிலிருந்து.

அண்ணி சொன்ன அதே வரி. ஆனாலும் பழக்கம் யாரை விட்டது? பக்கத்தில் முட்டியை மடக்கிக்கொண்டிருந்த பஸ் டிரைவரிடம் வாய் தன்னால் சொல்லிவிட்டது. "சார், அது... வழியே இல்லையா?"

டிரைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வழியா? எனக்கெதுக்கும்மா வழி? முப்பது வருஷம் வழியிலதான் இருந்தேன். இப்ப இது போனா போதும்." என்று முட்டியில் தட்டினார்.

அறை அடுத்த அடிக்குப் போனது. வாயாடிக்கு அந்தப் பாட்டு முழுக்க மனப்பாடம். இரண்டு சரணம், தொடக்கத்தில் ஒரு தொகையறா. அவர்கள் பாடியது அதில் எதுவுமே இல்லை.

"கேட்காம வந்த விருந்தாளியே,
முட்டிக்குள்ள பாய் விரிச்சவளே,
காபி ஆறிப்போச்சு, கடைசி பஸ் வந்தாச்சு,
செருப்பை நானே எடுத்துத் தரேன், போய் வா!"

'செருப்பை' என்ற இடத்தில் எல்லோரும் வேண்டுமென்றே உரக்கக் கத்தினார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா அழுகையும் சிரிப்புமாக, "போடி, போய்த் தொலைடி," என்று சேர்த்துக்கொண்டார்.

"இந்தச் சரணம் பாட்டுலயே இல்லையே," என்றாள் வாயாடி, பிசியோதெரபிஸ்ட் மாமாவின் தோளைப் பிடிக்க வந்தபோது.

"பாட்டுல எப்படி இருக்கும்? இது இங்கேயே பிறந்தது. நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. பைக்ல போகும்போது லாரிக்காரன் தட்டி, கால்ல ரெண்டு இடத்துல முறிஞ்சு, கம்பி வெச்சு, பிரிச்சு, மறுபடி வெச்சு... முட்டி மடங்கவே இல்ல. முதல் வாரம் நான் தொட்டாலே என்னை அடிப்பாங்க. நிஜமாவே அடிப்பாங்க." கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அப்புறம் ஒருநாள் நான் பாடிக்கறேன், நீங்க மடக்குங்கன்னாங்க. பாட ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு நாளும் புதுசா ஒரு சரணம். பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்களும் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க குணமாகிப் போயிட்டாங்க, பாட்டு போகல. அவங்க வீட்டுக்காரர் பல் செட் பட்டறை வெச்சிருக்கார்னு..."

மெழுகு மாமா, தோளை அவர் முறுக்கிக்கொண்டிருந்த வலியிலும், வாயாடியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த விபத்து நடந்தபோது அவள் வெளியூரில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "கால்ல சின்ன அடி, நீ வர வேணாம், படி" என்று அண்ணன் போனில் சொன்னார். அண்ணியும் போனை வாங்கி, "ஒண்ணுமில்ல, நல்லா எழுது," என்றார். அவள் நம்பினாள். விடுமுறைக்கு வந்தபோது அண்ணி கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்தார். சின்ன அடிக்கு எதற்குக் கம்பு என்று கூட அவள் கேட்கவில்லை. ஊர்க் கதையெல்லாம் பேசினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான் பேசினார். "காபி ஆறிப்போச்சு, கடைசி பஸ் வந்தாச்சு... இதுக்கு மெட்டு எப்படி உட்கார்ந்திருக்கு பார்த்தியாம்மா? வார்த்தையால உட்கார்ந்திருக்கு." அவர் தோற்றதாக ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான். ஆனால் வாயாடிக்கு அதைக் கொண்டாடத் தோன்றவில்லை.

அண்ணி மொட்டை மாடியில் இருந்தார். காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். குனியும்போது ஒரு காலை மட்டும் நீட்டி வைத்துக் குனிந்தார். வாயாடி அதைத் தினமும் பார்த்திருக்கிறாள். அன்றுதான் கவனித்தாள்.

"மாமாவுக்கு எப்படி இருக்கு?" என்றார் அண்ணி.

"அங்க எல்லாரும் உங்க பாட்டைப் பாடுறாங்க அண்ணி."

அண்ணியின் கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதை நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார்.

"இன்னுமா?"

"விருந்தாளி, காபி, செருப்பு, எல்லாம். ஒரு பஸ் டிரைவர் என்னைத் திட்டினார்."

அண்ணியின் உதடு துடித்தது. சிரிப்பா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. வாயாடிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பக்கத்தில் குவிந்திருந்த துணி மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"நான் ஒரு மடச்சி அண்ணி. உங்களுக்குக் காது கேட்கலைன்னு ஊருக்கே சொன்னேன். நீங்க தப்பா கேட்கவே இல்லையே."

"எழுந்திரு, அது உங்கண்ணன் சட்டை." அண்ணி அவளை எழுப்பி, தானும் மெதுவாகக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "எனக்குத் தெரியும்டி, அது வழின்னு. முதல் தடவை வலின்னுதான் கேட்டுது. பக்கத்துக் கட்டில்காரங்க போன்ல ஓடிச்சு. ரெண்டாவது தடவையே தெரிஞ்சுபோச்சு. ஆனா எவளோ எவனையோ துரத்துறது எனக்கு எதுக்கு ஆகும்? எனக்குத் துரத்த வேண்டியது வேற இருந்துச்சு. அதான் மாத்தி வெச்சுக்கிட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே! நான் சிரிச்சப்போ என் தலையில ரெண்டு போட்டுச் சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது? பாட்டைத் திருத்திப் பாடுறேன்னா? நீ ஒரு எழுத்து மாறினா ஊரைக் கூட்டுற ஆளு. பெரிய பெரிய கவிஞர்களையே நிக்க வெச்சுக் கேள்வி கேட்குற. நான் யாரு, திருத்துறதுக்கு? காது சரியில்லைன்னு நீ நினைச்சா நினைச்சுட்டுப் போன்னு விட்டுட்டேன்." அந்தச் சட்டையை உதறி வாளியில் போட்டார். "நீ சிரிச்சது ஒண்ணுமில்ல. நீ சிரிக்கிறதை நான் நீ இவ்வளவு உயரம் இருந்தப்பலேருந்து பார்க்கிறேன். ஆனா முகம் தெரியாத அத்தனை பேர்... அந்த வரியை நான் எப்படிப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்னு அவங்களுக்கு என்ன தெரியும்? அதுக்கப்புறம் பாட வாயே வரல."

வாயாடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பாலிஷ் பொடி ஏறிக் காய்ந்த கை.

அதை விடாமலே கேட்டாள். "அப்போ மிஷின் ஓடும்போது நீங்க மெல்லுறது..."

"மெல்லல. பாடுறது."

"இது மாதிரி இன்னும் எத்தனை பாட்டை மாத்தி வெச்சிருக்கீங்க?"

அண்ணி வாளியைத் தூக்கினார். "எல்லாத்தையும்தான்," என்றார் சாதாரணமாக, படியிறங்கிக்கொண்டே.

அன்றே வாயாடி அந்தப் பதிவை எடுத்துவிட்டாள். சும்மா எடுத்தால் போதாது என்று தோன்றியது. என்ன எழுதப் போகிறாள் என்பதை முதலில் அண்ணியிடம் காட்டினாள். அண்ணி ஆஸ்பத்திரிப் பகுதியைச் சுருக்கச் சொன்னார், கண்ணீர் இருந்த இடங்களை அடிக்கச் சொன்னார், "கவிதாயினி" என்று இருந்ததைப் பார்த்து, "இதை எழுதினா உனக்குச் சோறு கிடையாது," என்றார். மிஞ்சியது கொஞ்சம்தான்: நான் கேலி செய்தவர் வரியைத் தவறாகக் கேட்கவில்லை, தெரிந்தே மாற்றினார், அந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் அறை நிறைய மனிதர்கள் எழுந்து நடக்கிறார்கள், அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உங்களிடமும் கேட்கிறேன்.

குழு இரண்டாகப் பிளந்தது. கவிஞர் எழுதியதை மாற்ற யாருக்கு உரிமை என்று ஒரு கட்சி. பாட்டு வெளியே வந்த பிறகு அது பாடுகிறவருக்குச் சொந்தம் என்று ஒரு கட்சி. ஒரு எழுத்துக்காகவே உயிரை விடும் வரிவேட்டை, இப்போது இரண்டாவது கட்சிக்குத் தலைமை தாங்கி மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பழைய ஆட்கள் தலையைச் சொறிந்தார்கள். டெலிவரிக்காரர் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்தார். அந்த அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குக் கழுத்து வலி இருப்பதாகவும், கழுத்துக்கு ஏதாவது சரணம் உண்டா என்றும் கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன்," என்றார் அண்ணி, சின்சியராக.

எதிர் மேஜையில் மாஸ்க் மறுபடி அசையத் தொடங்கியது. மாமா அவ்வப்போது சக்கரத்தை நிறுத்தச் சொல்லி, "இப்ப என்ன பாடினே, சொல்லும்மா," என்று கெஞ்சுவார். அண்ணி சில சமயம் சொல்லுவார். பல சமயம் சொல்ல மாட்டார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல். பாடகியின் புதிய பாட்டு ஒன்று வந்திருந்தது. வாயாடி அதில் சொக்கிப் போய் முந்தின நாள் பெரிதாக ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். 'உடைந்த நிலா என் கண்ணாடி, அதில் சிதறிய முகம் நான்' என்ற வரியைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தாள். வேலைக்கு நடுவில் போனை எடுத்துப் பார்த்தவளுக்குச் சுருக்கென்றது. 'புதுசு' என்ற பெயரில் யாரோ ஒருவர் அன்றுதான் குழுவில் சேர்ந்து, வந்ததும் வராததுமாக அவள் கட்டுரையில் கை வைத்திருந்தார்.

'நேற்று மாடியில் பார்த்தேன், நிலா உடையவில்லை. உடைந்திருந்தால் அத்தனை கண்ணாடித் துண்டையும் யார் கூட்டுவது என்று கவிஞர் சொல்லவில்லை. கட்டுரை எழுதியவரும் கேட்கவில்லை.'

"திமிரைப் பாருங்க மாமா," என்று வாயாடி கொதித்தாள். "நேத்து வந்த ஆளு! கூட்டுறதாம்! உருவகம்னா என்னன்னு தெரியாத..." பதில் எழுத ஆரம்பித்தாள். நிலா கூட்டுவதற்கு உடைவதில்லை, உங்கள் மனதைத் தொட வேண்டும் என்றுதான் உடைகிறது என்று விறுவிறுவென்று அடித்து அனுப்பினாள்.

எதிர் மேஜையில், அண்ணியின் ஏப்ரன் பைக்குள் ஏதோ டிங் என்றது.

வாயாடி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி ஒரு கீழ்த் தாடையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், உலகத்திலேயே அதைவிட முக்கியமான வேலை இல்லை என்பதுபோல. பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்து, போனை எடுத்து, ஒற்றை விரலால் பொறுமையாக எழுதினார்.

'என் மனதைத் தொடவில்லை. காலில் குத்துகிறது.'

வாயாடி உதட்டைக் கடித்துக்கொண்டாள். எழுந்து போய் நேரில் கேட்டிருக்கலாம். அவள் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, புதுசு அவர்கள் முதலில் செருப்பைப் போட்டுக்கொண்டு கவிதைக்குள் வரவேண்டும் என்று எழுதினாள். டிங். கவிதை வாசலில் அப்படி ஏதாவது பலகை மாட்டியிருந்தார்களா என்று பதில் வந்தது. வாயாடி அடுத்ததை அடித்தாள். அது வாதத்தில் வலுவாக இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. இருந்தாலும் அனுப்பினாள்.

மெழுகு மாமா பல் நடுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சக்கரம் நின்றிருந்தது. யாரும் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

"ஏம்மா, மறுபடி ஏதாவது சண்டையா உங்களுக்குள்ள?" என்றார் கவலையாக. "இந்தப் பட்டறை இவ்வளவு அமைதியா இருந்து நான் பார்த்ததில்லையே."

அண்ணிதான் முதலில் சிரித்தார். மாஸ்க்குக்குள் அடக்க முடியாமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, வாய் விட்டு.